பட்டியலில் ஏறாத பெயர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



லாபு ரயில் நிலையத்தில் வடக்கே போகும் கொம்யூட்டர் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் நீலாய், பத்தாங் பெனார், பாங்கி, அதற்கடுத்து யூ.கே.எம். என்று நான்காவது நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய கிரிக்கெட் திடல் ஒன்று பாங்கியில் இருக்கிறது. 2025 ஜனவரியில் 19 வயதுக்குட்பட்ட மகளிருக்கான இருபது ஓவர் உலகக் கிண்ண ஆட்டங்கள் சில அங்கே நடந்தன. திடலின் பெயர் யூ.கே.எம்.-ஒய்.எஸ்.டி. ஓவல். ஒய்.எஸ்.டி. என்றால் சைம் டார்பி அறவாரியம். நெகிரி செம்பிலானில் ஒரு காலத்தில் பால்மரம் வெட்டி, இன்று செம்பனைக் குலை அறுக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது புதிய பெயர் அல்ல. சம்பளச் சீட்டில் பார்த்துப் பழகிய பெயர்.

நான்கு நிறுத்தங்கள்தான். ஆனால் தோட்டத்துத் திடலில் மட்டை பிடிக்கும் பிள்ளைக்கும் அந்த ஓவலுக்கும் உள்ள தூரத்தை ரயில் டிக்கெட் வாங்கிக் கடக்க முடிவதில்லை. ஏன் முடிவதில்லை? இன்றைய கருத்தரங்கின் கேள்வி அதுதான்.

நிராகரிப்பா, இல்லாமையா?

தேசிய அணி என்ற பேச்சை எடுத்தாலே தோட்டத்திலும் தாமானிலும் உடனே ஒரு பதில் வந்துவிடும். "நம்ம பையன எங்க எடுக்கப் போறாங்க?" இந்தக் குமுறலில் நியாயமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பல துறைகளில் பட்ட அனுபவம் அப்படிப் பேச வைக்கிறது.

ஆனால் கிரிக்கெட்டைப் பொறுத்தவரை ஒரு கேள்வியை முதலில் கேட்க வேண்டும். தேர்வுக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளைகள் எத்தனை பேர்? தேர்வு நடக்கிறது என்ற செய்தியே எட்டாத பிள்ளைகள் எத்தனை பேர்?

நிராகரிக்கப்பட்டவன் வேறு, பட்டியலிலேயே இல்லாதவன் வேறு. நிராகரிக்கப்பட்டவனுக்கு மேல்முறையீடு உண்டு, அடுத்த ஆண்டு உண்டு, கோபப்படவும் உரிமை உண்டு. பட்டியலில் ஏறாதவனுக்கு இவை எதுவுமே கிடையாது. அவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அது குடத்தில் இட்ட விளக்குதான். தோட்டப்புறப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் வேதனை.

தோட்டத்துத் திடல்

தோட்டத்தில் விளையாட்டு என்றால் முதலில் காற்பந்துதான். கோயில் திருவிழாவாகட்டும், தீபாவளிக் கொண்டாட்டமாகட்டும், கிண்ணம் என்றால் காற்பந்துக் கிண்ணம்தான். அந்தக் காலத்தில் கிரிக்கெட் கிளப்புகளின் ஆட்டம். துரைமார்கள் வெள்ளை உடை உடுத்தி ஆடிய ஆட்டம். லயத்துப் பிள்ளைகளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிறகு தொலைக்காட்சி வந்தது. துணைக்கோள அலைவரிசைகள் வந்தன. ஐ.பி.எல். வந்தது. கித்தாத் தோட்டங்கள் செம்பனைத் தோட்டங்களாகி, லயத்தை விட்டுப் பல குடும்பங்கள் மலிவு வீடுகளுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தாலும், மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் டென்னிஸ் பந்தும் மட்டையும் எடுத்துக்கொண்டு இறங்குவது நிற்கவில்லை. ஒரு பழைய எண்ணெய்த் தகரம் ஸ்டம்பாகும். கால்வாய்க்கு அப்பால் அடித்தால் அவுட்.

அந்தக் கூட்டத்தில் ஓர் இளைஞனைக் கற்பனை செய்து பார்ப்போம். பெயர் வேண்டாம். பதினாறு வயது. நல்ல வேகம். கணுக்கால் அருகில் விழும்படி பந்தை வீசுகிறான். அவன் வீசினால் மூத்தவர்களுக்கே தடுமாற்றம். "டேய், நீ நம்ம தோட்டத்து பும்ராடா" என்கிறார்கள். ஆனால் அவன் எத்தனை விக்கெட் எடுத்தான் என்று எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா? இல்லை. தோல் பந்தை அவன் கையால் தொட்டிருக்கிறானா? இல்லை. டென்னிஸ் பந்தின் எடை 60 கிராம்கூட வராது. தோல் பந்து ஏறக்குறைய 160 கிராம். தையல் உண்டு, ஒரு பக்கம் பளபளப்பு உண்டு, மேலே பட்டால் காயம் உண்டு. தேர்வாளர் பார்ப்பது அந்தப் பந்தில் ஆடிய ஆட்டத்தை மட்டும்தான். இந்த இளைஞனின் இரண்டாண்டு உழைப்பு அவருடைய கணக்கில் பூஜ்யம்.

இந்த மண்ணுக்கு அந்நியமல்ல

கிரிக்கெட் இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1932 ஜூனில் லண்டன் லார்ட்ஸ் திடலில் ஆடியது. அந்தப் பதினொருவரில் ஒருவர் கோலாலம்பூரில் பிறந்த லால் சிங். மலாயாவிலிருந்து இந்தியாவுக்குச் சென்று, தேர்வில் வென்று, அங்கிருந்து இங்கிலாந்து போனவர். முதல் நாள் காலையிலேயே இங்கிலாந்தின் பெரும் ஆட்டக்காரர் ஃபிராங்க் வூலியை ரன் அவுட் ஆக்கியவர். ஒரே ஒரு டெஸ்ட்தான் ஆடினார். ஆனால் அந்த வரலாற்றுப் பட்டியலில் அவர் பெயரை இனி யாரும் அழிக்க முடியாது. 1985இல் கோலாலம்பூரிலேயே காலமானார்.

கோலாலம்பூரில் பிறந்த இன்னொருவர் அருள் சுப்பையா. படிப்புக்கும் ஆட்டத்துக்கும் இங்கிலாந்து சென்று சமர்செட் அணியில் இடம்பிடித்தார். 2011 ஜூலை 5ஆம் தேதி கார்டிஃப் நகரில் கிளமோர்கன் அணிக்கு எதிராக 5 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்து 6 விக்கெட்டுகள் எடுத்தார். இருபது ஓவர் ஆட்டத்தில் அன்றைக்கு அதுவே உலகச் சாதனை. மலேசிய அணிக்குத் தலைமை தாங்கிய சுரேஷ் நவரத்தினம், மகளிர் அணிக்குத் தலைமை தாங்கிய வினிஃபிரெட் துரைசிங்கம், அண்மைக் காலத்தில் தேசிய அணிக்கு ஆடிய ஷர்வின் முனியாண்டி என்று நம் பெயர்கள் இருக்கத்தான் செய்கின்றன. வழி முழுக்க அடைபட்டுக் கிடக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

நெகிரி செம்பிலானுக்கும் இதில் தனி இடம் உண்டு. மாநிலத்தின் ஆட்சியாளராகவும் நாட்டின் பத்தாவது மாமன்னராகவும் இருந்த துவாங்கு ஜாஃபாரின் பெயரில் 1991 முதல் 2004 வரை ஒரு கிண்ணப் போட்டி நடந்தது. மலேசியா, சிங்கப்பூர், ஹாங்காங், தாய்லாந்து அணிகள் அதில் மோதின. அவருடைய புதல்வர் துங்கு இம்ரான் மலேசிய கிரிக்கெட் சங்கத்தின் தலைவராக நீண்ட காலம் இருந்தவர்.

இன்னொரு செய்தியும் சுவையானது. 1997இல் ஐ.சி.சி. கிண்ணப் போட்டி மலேசியாவில் நடந்தபோது, ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் திடலிலும் ஆட்டங்கள் நடந்தன. வங்காளதேசம் நெதர்லாந்தை வென்று தப்பிப் பிழைத்தது அந்தத் திடலில்தான். பிறகு கிண்ணத்தையும் வென்று, 1999 உலகக் கிண்ணத்துக்குப் போய், 2000இல் டெஸ்ட் நாடாகவும் ஆனது. ரப்பர் பேர் சொல்லும் ஒரு திடலிலிருந்து ஒரு நாடே ஏணி ஏறிவிட்டது. ரப்பர் வெட்டியவர்களின் பிள்ளைகள் அந்த ஏணியின் அடியில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

சின்னப்பம்பட்டி சொல்லும் பாடம்

ஏணி என்றால் என்ன என்பதைச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி காட்டுகிறது. தங்கராசு நடராஜன் கதை நேயர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்பா தறியில் கூலிவேலை. அம்மா சாலையோரத்தில் கோழிக் கடை. நடராஜன் இருபது வயது வரையில் டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். மேலே சொன்ன நம் தோட்டத்து இளைஞனுக்கும் அவருக்கும் அதுவரை பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் என்ற அண்ணன் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போனார். அங்கே லீக் போட்டிகள் படிப்படியாக அமைந்திருக்கின்றன. நடராஜன் முதலில் நான்காம் டிவிஷன் அணி ஒன்றில் பந்து வீசினார். அங்கே எடுத்த விக்கெட் ஏட்டில் ஏறியது. ஏட்டைப் பார்த்து அடுத்த அணி கூப்பிட்டது. முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ் அணி வரை போனார். 2015இல் ரஞ்சிக் கிண்ணத்தில் தமிழ்நாட்டுக்கு ஆடினார். உடனே சோதனையும் வந்தது. அவர் பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று புகார் எழுந்தது. பயிற்சியாளர்களின் துணையோடு முறையை மாற்றி மறுபடி வந்தார். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் அவருடைய யார்க்கர் பந்துகள் பேசப்பட்டன. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

2020 இறுதியில் நடந்த ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் அணியை அறிவித்தபோது அதில் அவர் ஓர் ஆட்டக்காரராக இல்லை. வலைப்பயிற்சியில் பந்து போடும் ஆளாகத்தான் சேர்க்கப்பட்டார். மற்றவர்கள் காயம்பட்ட இடத்தில் இவர் பெயர் ஏறியது. டிசம்பர் 2ஆம் தேதி ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். பிறகு தன் கிராமத்திலேயே ஒரு திடலையும் அமைத்தார்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "திறமை இருந்தால் தானாக வரும்" என்று சொல்வது தவறு. தானாக எதுவும் வரவில்லை. கூட்டிப் போக ஒருவர் இருந்தார். சேர்த்துக்கொள்ள ஓர் அணி இருந்தது. எழுதி வைக்க ஓர் ஏடு இருந்தது. விழுந்தபோது தூக்கிவிட ஆள் இருந்தார்கள். திறமை நடராஜனுடையது. படிகள் மற்றவர்கள் கட்டியவை.

நம் நாட்டின் படிகள்

மலேசியாவிலும் படிகள் உண்டு. பள்ளி, மாவட்டம், மாநிலம், பள்ளிகளுக்கான தேசியப் போட்டி, வயதுவாரி அணிகள், கிளப் ஆட்டங்கள், அதன் பிறகு தேசிய அணி. ஒவ்வொரு படியிலும் போட்டி கடுமை. அனைத்துலக விதிப்படி ஒருவர் அந்த நாட்டில் பிறந்திருந்தாலோ, குடியுரிமை பெற்றிருந்தாலோ, மூன்றாண்டுகள் தொடர்ந்து வசித்திருந்தாலோ அந்நாட்டுக்கு ஆடலாம். ஆகவே சிறு வயதிலிருந்தே கிரிக்கெட் ஊறிய நாடுகளிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களோடும் நம் பிள்ளைகள் போட்டியிட வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகுதியை வளர்ப்பதுதான் வழி.

உயரத்துக்குப் போக முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2023 ஜூலையில் சீன அணிக்கு எதிராக ஷஸ்ருல் இட்ருஸ் 8 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகள் எடுத்தார். ஏழு பேரையும் ஸ்டம்பைச் சாய்த்தே வெளியேற்றினார். ஆண்களுக்கான அனைத்துலக இருபது ஓவர் ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்த முதல் ஆள் ஒரு மலேசியர். அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், டெஸ்ட் நாடான வங்காளதேசத்திடம் மலேசியா இரண்டே ஓட்டங்களில் தோற்றது.

இறக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2025 ஜனவரியில் பாயுமாஸ் திடலில் நம் இளம் பெண்கள் அணி இந்தியாவிடம் 31 ஓட்டங்களுக்குச் சுருண்டது. வைஷ்ணவி சர்மா 5 ஓட்டங்களுக்கு 5 விக்கெட். இந்தியா மூன்று ஓவர்கூட ஆடத் தேவைப்படவில்லை. அன்று இந்தியாவுக்குத் தொடக்க ஆட்டக்காரர்களாக இறங்கிய இருவரில் ஒருவர் மதுரைப் பெண் ஜி. கமலினி. நம் பெண்கள் துணிவில் குறைந்தவர்கள் அல்லர். அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் போட்டியிட்டு, அதில் பதினைந்து பேர் வருகிறார்கள். இந்தப் பக்கம் எத்தனை பேர் போட்டியிட்டார்கள்? அடியில் ஆள் சேராத வரையில் மேலே பலம் சேராது. தோட்டத்துப் பிள்ளை பட்டியலில் ஏறாதது அவனுக்கு மட்டும் நட்டமல்ல, தேசிய அணிக்கும் நட்டம்தான்.

ஒரு தாளில் தடைபடும் ஆட்டம்

பலர் பேசத் தயங்கும் ஒரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். வயதுவாரிப் போட்டிக்கு முதலில் கேட்பது பிறப்புப் பத்திரம். வெளிநாட்டு ஆட்டத்துக்குக் கடப்பிதழ். தோட்டப்புறத்தில் பிறந்தும் பத்திரம் எடுக்காமல் விடப்பட்ட பிள்ளைகள், பெற்றோரின் திருமணப் பதிவு இல்லாததால் அடையாள அட்டை கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் பந்து வீசினாலும், பத்திரம் இல்லை என்றால் ஆட்டம் பாரத்தை நிரப்பும் மேசையிலேயே முடிந்துவிடும். பிள்ளைக்கு மட்டை வாங்கித் தருவதற்கு முன்னால் பத்திரத்தைச் சரிபாருங்கள். இன்னும் எடுக்கவில்லை என்றால் நாளையே பதிவு இலாகாவின் படி ஏறுங்கள். பதினெட்டு வயது ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வாக்குறுதி இல்லாத ஏணி

பெற்றோருக்கு இன்னோர் உண்மையும் தெரிந்திருக்க வேண்டும். ஏணியில் ஏறியவர் எல்லோரும் உச்சிக்குப் போவதில்லை. தமிழ்நாட்டின் சுப்பிரமணியம் பத்ரிநாத் உள்நாட்டு ஆட்டங்களில் ஆண்டுக்கு ஆண்டு ஓட்டங்களைக் குவித்தார். முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரத்துக்கு மேல் எடுத்தவர். ஆனால் அப்போது இந்திய அணியின் நடுவரிசையில் காலியிடமே இல்லை. 2010 பிப்ரவரியில், 29 வயதில்தான் முதல் டெஸ்ட் கிடைத்தது. மொத்தம் ஆடியது இரண்டே டெஸ்ட்.

அவர் வீணாகிப் போனாரா? இல்லை. மாநில அணியில் மதிப்பு இருந்தது. அங்கே நிறுவன அணிகள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தும் ஆதரிக்கின்றன. தேசிய அணி கிடைக்காவிட்டாலும் பிழைப்பு கெடாது என்ற நம்பிக்கை இருக்கிற இடத்தில்தான் பெற்றோர் பிள்ளையைத் திடலுக்கு அனுப்புவார்கள். தோட்டத்து அப்பா "படிப்பு கெட்டுப் போகும்" என்று மட்டையைப் பிடுங்கி வைப்பது கல்நெஞ்சத்தால் அல்ல. விழுந்தால் தாங்க வலை இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஆட்டமும் படிப்பும் ஒன்றாகப் போகட்டும். புறப்பாட நடவடிக்கையில் மாநில அளவில் ஆடிய சான்றிதழ், உயர்கல்விக்கு மனுச் செய்யும் இடத்திலும் கைகொடுக்கும்.

இனி என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ரந்தாவ், சிலியாவ், லாபு, லுக்குட், பாகாவ் என்று ஒவ்வொரு வட்டாரத்திலும் ஐந்து தோட்டங்கள் சேர்ந்தால் போதும். ஒரு சிமெண்டுப் பிட்சும் அதன் மேல் விரிக்க ஒரு பாயும் போதும். தலைக்கவசம், கால்காப்பு, கையுறை ஆகியவற்றை ஆளுக்கொன்று வாங்க வேண்டாம், அணிக்கு ஒரு மூட்டை போதும். திருவிழாவுக்கு மூன்று நாள் பந்தல் போடும் கோயில் நிர்வாகமும், மணிமன்றமும், பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கைகோத்தால் இது மலையைப் புரட்டும் வேலையல்ல. தோட்ட நிர்வாகத்திடம் திடலைக் கேட்கலாம். உரிமையோடும் மரியாதையோடும் கேட்கலாம். பாங்கியில் ஓவலுக்குப் பெயர் தந்த குழுமத்திற்கு, தோட்டத்தில் ஒரு பிட்சு என்பது அறியாத மொழி அல்ல.

எல்லாவற்றையும்விட மலிவான ஒன்று இருக்கிறது. ஒரு ஸ்கோர் புத்தகம். யார் வீசினார், எத்தனை ஓவர், எத்தனை விக்கெட் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் யாராவது ஒரு தங்கச்சியோ அண்ணனோ உட்கார்ந்து எழுதட்டும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு தலைவர்களும் கையெழுத்திடட்டும். ஆண்டு முடிவில் அந்தப் புத்தகத்தோடு மாநிலச் சங்கத்தின் கதவைத் தட்டுங்கள். "எங்கள் பையன் நன்றாக ஆடுவான்" என்பது புகழ்ச்சி. "எங்கள் பையன் பன்னிரண்டு ஆட்டத்தில் இத்தனை விக்கெட் எடுத்திருக்கிறான், இதோ ஏடு" என்பது சான்று. புகழ்ச்சியைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். சான்றைப் பார்த்தவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதன் பிறகும் எடுக்கவில்லை என்றால், அப்போது கேள்வி கேட்போம். அந்தக் கேள்விக்கு அன்றைக்குத்தான் வலிமை இருக்கும்.

லாபு நிலையத்தில் ஒரு சனிக்கிழமை காலை, தோளில் மட்டைப் பையோடு ஒரு பிள்ளை வண்டிக்குக் காத்திருக்கட்டும். பக்கத்தில் அப்பாவோ மாமாவோ ஒருவர் நிற்கட்டும். கையில் ஒரு புத்தகம் இருக்கட்டும். தேர்வாகிறானா இல்லையா என்பதை யூ.கே.எம். நிலையத்தில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் வண்டியில் ஏறட்டும்.